நான்காவது சேனலில் நீ இருந்தாய்

இன்று காலை கட்டுகஸ்தோட்டையிலிருந்து வந்த பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கழுத்து முழுக்க வெள்ளை வெளேரென்று பவுடர். ஜன்னல் காற்றில் அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் வலது கையின் இரண்டு விரல்கள் கண் முன்னால் வந்து நின்றன. கிட்டார் வாசிக்க உட்காருமுன் பவுடர் டப்பாவைத் திறந்து அந்த இரண்டு விரல்களையும் உள்ளே விட்டு எடுப்பாய். ரப்பர்த் தந்தி வியர்த்த விரலில் ஒட்டிக்கொள்ளும், பவுடர் போட்டால்தான் வழுக்கும். "பாட்டு வாசிக்கப் போறியா, பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டப் போறியா?" என்று நான் கேலி செய்வேன். அடுத்த பஸ் ஹோல்டிலேயே இறங்கிவிட்டேன். வேலைக்குத் தாமதமாகப் போனேன். காரணம் கேட்டார்கள், வயிற்றுவலி என்றேன். பொய் சொல்ல எனக்குச் சொல்லித்தரவா வேண்டும்.

நீ போய் ஏழு மாதமாகிறது. என்னிடம் நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். செய்கிறேன் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். படிக்க ஆளில்லாத பிறகு எழுதுகிற தைரியத்தை என்னவென்று சொல்வது? எனக்கே வெட்கமாக இருக்கிறது.

முதலில் எங்கள் கலியாண வீட்டுப் பாட்டுக் குழுவின் ஐந்து பேரில் நீ இல்லை. அடிச்சத்தம் கொடுக்கிற பேஸ் கிட்டார் வாசித்தவன் கட்டாருக்குப் போனதும், "நான் வாசிக்கிறேன்" என்று வந்து நின்றாய். நாலடி பத்தங்குலம் உயரம். இரவல் வாங்கிய பெரிய கிட்டாரைத் தோளில் மாட்டினால் அதன் தலை வரைக்கும் உன் கை எட்டவில்லை. பஸ்ஸில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறினால் கண்டக்டர் அதற்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கச் சொல்லிக் கத்தினான். இரண்டு மாதம் பொறுத்தாய். பிறகு, "எனக்கு ஏத்த அளவுல நானே ஒன்னு செஞ்சிக்கிறேன்" என்றாய். நம் பாடகர் செல்வம் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆனால் நீ பல் செட் கட்டும் கூடத்தில் பதினெட்டு வருடம் வேலை செய்தவள். அச்செடுக்கிற ரப்பரை எப்படிக் கலப்பது, எப்படி இறுக வைப்பது என்பது உனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றுகிற குழாய் இருக்கிறதே, அதைப் போல நாலு தடிப்பில் குழாய் வாங்கி, உள்ளே ரப்பர்க் கூழை ஊற்றி, இறுகியதும் பிளேடால் குழாயைக் கீறி எடுத்தாய். உள்ளே வழவழவென்று தந்தி. பல் ஈறுக்குப் போடுகிற சாயத்தைக் கலந்திருந்ததால் இளஞ்சிவப்பு நிறம். முதல் செட் முறுக்கும்போதே டப்பென்று அறுந்து செல்வத்தின் கன்னத்தில் சுளீரென்று அடித்தது. சிரித்த வாய்க்குச் சரியான கூலி என்றாய். ஏழாவது செட்தான் நின்றது.

உடலுக்குப் பலா மரத் துண்டு. மொத்த நீளம் ஒரு முழமும் ஒரு சாணும்தான். கெட்டுப்போன அலாரம் மணிக்கூட்டின் உள்ளே பீப் சத்தம் போடுகிற பித்தளைத் தகட்டை எடுத்து, தந்தி தாங்குகிற கட்டைக்கு அடியில் வைத்தாய். அதுதான் சத்தத்தை வாங்கி வயர் வழியாக அனுப்பும். வயர் இல்லாமல் தட்டினால் தலையணையைத் தட்டுவது போலத்தான் கேட்டது. வயரை ஸ்பீக்கரில் குத்தியதும் ஒத்திகை மண்டபத்துத் தரை அதிர்ந்தது. செல்வம் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "இந்த அகப்பைக்குள்ள இருந்தா இது வருது?" என்று கேட்டார். அன்று உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அதை நீ மற்றவர்கள் போல இடுப்பில் வைத்து வாசிக்கவில்லை. பிள்ளையைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்து வாசித்தாய். ஏன் என்று அந்த வருடக் கடைசியில்தான் எனக்குச் சொன்னாய். ஒத்திகை முடிந்து எல்லாரும் தேநீர் குடிக்கப் போயிருந்தார்கள். நீ கதிரையை என் கீபோர்டுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய்.

"எனக்குக் காது போகுது," என்றாய். "முதல்ல குக்கர் விசில் போச்சு. இப்ப மகள் அடுத்த அறையில இருந்து கூப்பிட்டாக் கேக்கல. நரம்பு பிரச்சினையாம், திரும்பி வராதாம். மெஷின் போட்டுப் பாத்தேன், பாட்டெல்லாம் தகர டப்பாவ உருட்டின மாதிரி இருக்கு. கழட்டி வச்சிட்டேன்."

பிறகு எப்படி வாசிக்கிறாய் என்று கேட்டேன்.

"இது எலும்புல கேக்குது," என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாய். "ஆனா சுருதி சரியா தப்பான்னு எலும்புக்குத் தெரியாதுல்ல. நீதான் சொல்லணும். மத்தவங்களுக்குத் தெரிய வேணாம். அப்புறம் பாவம் பாக்க ஆரம்பிச்சிருவாங்க. ஒன்னு மட்டும் செய். என்னிக்கு நான் பாட்டைக் கெடுக்கிறேனோ, அன்னிக்கு என் மூஞ்சிக்கு நேரா சொல்லிரு. நீ சொன்னா நம்புவேன். அன்னிக்கே மூட்டை கட்டி வச்சிருவேன்."

"சத்தியமா சொல்றேன்," என்றேன்.

ரப்பர்த் தந்தியின் குணம் உனக்குத் தெரியாததல்ல. அது இழுபட்டுக்கொண்டே இருக்கும். சுருதி சேர்த்து வைத்தால் மூன்றாவது பாட்டுக்குள் தொய்ந்து கீழே போய்விடும். அதனால் நமக்குள் ஒரு ஏற்பாடு வைத்துக்கொண்டோம். பாட்டுக்குப் பாட்டு நீ ஒரு தந்தியைத் தட்டிவிட்டு என்னைப் பார்ப்பாய். நான் முகத்தை உயர்த்தி நாடியை மேலே தூக்கினால் முறுக்கு, தலையை ஆட்டினால் சரி. ஒருவருக்கும் தெரியாது. ஒரு வருடத்துக்கும் மேல் அப்படியே ஓட்டினோம். எனக்கும் அதில் பெருமைதான். உன் காது நான் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

பிறகு மடுல்கெல்லையில் அந்தக் கலியாணம். பனி மண்டபத்துக்குள்ளேயே வந்து நின்றது. இரண்டாவது பாட்டிலேயே உன் சத்தம் எங்களை விட்டுத் தனியாகக் கீழே போய்விட்டது. பின்வரிசையில் நாலைந்து பேர் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். செல்வம் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "என்னங்க இது, ஒப்பாரி மாதிரி இழுக்குது. பொண்ணு மாப்பிள்ளை மேடைக்கு வரப்போறாங்க. ஏதாச்சும் பண்ணுங்க," என்றார்.

நீ தந்தியைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தாய். நாடியை இரண்டு தரம் தூக்கியிருக்க வேண்டும். செல்வம் அதற்குள் அடுத்த பாட்டுக்கு ஒன்று, இரண்டு எண்ண ஆரம்பித்துவிட்டார். நான் சரி என்று தலையை ஆட்டினேன். என் வலது பக்கத்தில் எல்லாருடைய சத்தத்தையும் சேர்க்கிற மிக்சர் பெட்டி இருந்தது. நாலாவது சேனல் உன்னுடையது. அந்தக் குமிழை அடிமட்டத்துக்குத் திருப்பி மூடினேன். நீ வாசிக்க வேண்டியதைக் கீபோர்டின் கீழ்க்கட்டைகளில் என் இடது கை வாசித்தது. பாட்டு நேரானது. சிரித்தவர்கள் கைதட்டினார்கள்.

நீ கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தாய். உன் நெஞ்சில் அது அதிர்ந்துகொண்டுதான் இருந்தது. வேறு எந்தக் கருவியாக இருந்தாலும் உனக்குத் தெரிந்திருக்கும். நீ உனக்கென்று பார்த்துப் பார்த்துச் செய்த கருவிதான் என் பொய்க்கு உதவியது. திரும்பி வரும்போது வேனில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "இன்னிக்கு நல்லா வந்துச்சுல்ல?" என்று கேட்டாய். உனக்குப் புரியட்டும் என்று உன் முகத்துக்கு நேராக வாயை அசைத்து, "ரொம்ப" என்றேன்.

ஒரு நாள் என்றால் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். இரண்டு வருடம். ஒவ்வொரு கலியாணத்திலும் முதல் பாட்டு மட்டும் நீ, பிறகு நான். கொஞ்ச நாளில் அந்த முதல் பாட்டும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். குழுவில் எல்லாருக்கும் தெரிந்துபோனது. "பாவம், வாசிச்சிட்டுப் போகட்டும்," என்றார் செல்வம். எந்தச் சொல்லுக்கு நீ பயந்தாயோ அதே சொல். நான் அதைக் கேட்டுக்கொண்டே குமிழைத் திருப்பினேன்.

ஏன் சொல்லவில்லை? சொன்னால் நீ நிறுத்திவிடுவாய், சனிக்கிழமை வாசிப்பதற்காகவே வாரம் முழுக்க உயிரோடிருக்கிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, உன் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. அதற்கும் கீழே இன்னொன்று இருக்கிறது. பேஸ் நன்றாக இருந்தது என்று யாராவது சொன்னால் எனக்குள்ளே குளிர்ந்தது. சீ, என்ன பிறவி நான்.

ஹுன்னஸ்கிரியவில் ஒரு பிறந்தநாள் வீட்டில் நீ ஒரு காரியம் செய்தாய். இரண்டு பாட்டுக்கு நடுவில், எல்லாரும் நிறுத்தியிருந்தபோது எழுந்து போய், இடது கையை ஸ்பீக்கர் பெட்டியில் வைத்துக்கொண்டு, வலது கையால் வெறும் தந்தியை ஒரு தரம் தட்டினாய். இன்னொரு தரம் தட்டினாய். சட்டென்று குமிழைத் திருப்பி உன் சத்தத்தைத் திறந்தேன். மூன்றாவது தரம் தட்டியபோது பெட்டி அதிர்ந்தது. "வயர் லூஸ்" என்று கையை ஆட்டிக் காட்டினேன். நீ என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாய். கோபமா, கேள்வியா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. பிறகு உன் இடத்துக்கு வந்து உட்கார்ந்து மீதிப் பாட்டுகளை வாசித்தாய். நான் மறுபடியும் மூடினேன்.

டெங்கு என்று உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் பார்க்க வந்தேன். அப்போது உனக்கு ஒன்றுமே கேட்கவில்லை, காகிதத்தில் எழுதித்தான் பேசினோம். "இந்தச் சனி யார் வாசிக்கிறது?" என்று எழுதினாய். பேனாவை என்னிடம் நீட்டினாய். பேனா என் கையில், காகிதம் மடியில், நீ எதிரில். அதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒருத்திக்கு எங்கே வாய்க்கும்? "நீ இல்லாமல் எப்படி? தள்ளி வைத்துவிட்டோம்" என்று எழுதினேன். படித்துவிட்டு, போங்கடா பைத்தியங்களா என்பது போலத் தலையில் தட்டிச் சிரித்தாய். ஐந்தாம் நாள் நீ இல்லை.

அதற்கு முந்தின நாள், அந்தச் சனிக்கிழமை, நாங்கள் வாசித்தோம். தள்ளி வைக்கவெல்லாம் இல்லை. நீ மருத்துவமனையில் கிடக்க, உன் கதிரை மட்டும் வெறுமையாக இருந்தது. பாட்டில் ஒரு குறையும் இல்லை. கேட்டவர்கள் யாரும் எதையும் தேடவில்லை. எப்படித் தேடுவார்கள், இரண்டு வருடமாகவே நீ அதில் இல்லையே. அதற்குப் பிறகு நான் குழுவுக்குப் போவதில்லை.

போன மாதம் உன் மகள் வீட்டுக்கு வந்தாள். உன் அதே உயரம், அதே நடை. "அன்ட்டி, அம்மா வாசிச்சது ஏதாச்சும் ரெக்கோடிங் இருக்கா? அப்பா கேக்குறாரு," என்றாள். இருந்தது. மிக்சர் பெட்டியில் பென் டிரைவைக் குத்தி ஒவ்வொரு நிகழ்ச்சியையும் பதிந்து வைத்திருந்தேன். கடைசி ஒரு வருடத்துப் பாட்டு முழுக்க. ஆனால் மூடிய சேனலின் சத்தம் பதிவாகாது. அது தெரிந்தும் பென் டிரைவை எடுத்துக் கொடுத்தேன். இறந்த பிறகும் உன்னை ஏமாற்ற எனக்குக் கை வந்தது பார்.

அவள் என் முன்னாலேயே அதை என் லேப்டாப்பில் குத்தி, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டாள். ஒரு பாட்டு கேட்டாள். இன்னொன்று கேட்டாள். பிறகு ஒரு பக்கத்தைக் கழற்றினாள்.

"அன்ட்டி, இது உங்க கீபோர்டு தானே? அம்மா எங்க?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். இயர்போன் வயரை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள். நான் முடித்ததும் மெதுவாகப் பேசினாள்.

"அம்மாவுக்குச் சுருதி கீழ போயிரும், தெரியும் அன்ட்டி. வீட்டுல நானும் அப்பாவும் அம்மா இருக்கிற இடத்துக்கு இறங்கித்தான் பாடுவோம். ஆரம்பத்துல கஷ்டமா இருந்துச்சு. அப்புறம் பழகிருச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். நான் போட்ட தேநீரைக் குடித்துவிட்டு, பென் டிரைவை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

என் கீபோர்டில் சுருதியை இறக்குகிற பட்டன் ஒன்று இருக்கிறது. பனி நாளில் செல்வத்துக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் அதை அழுத்துவேன். கிட்டார்க்காரர் முணுமுணுத்துக்கொண்டே தன் கம்பிகளைத் தளர்த்துவார். ஒரு நிமிட வேலை. அவருக்காக எத்தனை மேடையில் நாங்கள் எல்லாரும் இறங்கியிருக்கிறோம். உனக்காக இறங்கலாம் என்று இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. உன்னை மேலே இழுக்கப் பார்த்தேன், முடியாதபோது மூடிவிட்டேன்.

நேற்று கீபோர்டைத் துடைத்து வைத்து அந்தப் பட்டனை அழுத்தினேன். நீ இருந்திருக்கக்கூடிய இடம் வரைக்கும் இறங்கி, அங்கே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே நீ இல்லை.