றெயில் இல்லாமல் அடிக்கும் மணி

இஞ்சேரப்பா, காலையில் மகள் வேலைக்குப் போன கையோடு தொடங்கிய றெயில் கடவை மணி இன்னும் ஓயவில்லை. அரிசி களைகிறேன், அடிக்கிறது. வேதப் புத்தகத்தைத் திறக்கிறேன், அடிக்கிறது. நேற்றைய மழையில் மணியை அடிக்கவைக்கும் பெட்டிக்குள் திரும்பவும் தண்ணீர் போயிருக்கும். அதே தண்டவாளம், அதே சனியன் பிடித்த பெட்டி. புதிதாகத் தடுப்புக் கம்பி மட்டும் போட்டிருக்கிறார்கள், சிவப்பும் வெள்ளையும் அடித்து. அந்தக் கம்பி வருவதற்கு உங்கள் உயிர் வேண்டியிருந்தது.

உங்களுக்கு அந்த மணியில் எவ்வளவு ஆசை! கயிறு கட்டி மறித்துக்கொண்டிருந்த காவலாளியை வேலையால் நிற்பாட்டிவிட்டு மணியும் விளக்கும் பூட்டிய நாளில், ஓய்வு பெற்றதை மறந்து ஒழுங்கைச் சனத்துக்கே சயன்ஸ் பாடம் எடுத்தீர்கள். "றெயில் சில்லு அங்கை தண்டவாளத்திலை ஏறின உடனை இஞ்சை பெட்டிக்குத் தெரிஞ்சிடும். மனிசன் நித்திரை கொள்ளுவான், இது கொள்ளாது" என்றீர்கள். மீன்காரர் சைக்கிளை நிறுத்தி வாய் பார்த்துக்கொண்டு நின்றார். மீன் பழுதாகப் போகுது என்று நான் உள்ளேயிருந்து கத்தினேன்.

மழை வந்தால் அது றெயில் இல்லாமலே அடிக்கத் தொடங்கியது. சனம் முதலில் நின்றது, பிறகு எட்டிப் பார்த்தது, பிறகு பார்க்காமலே போனது. நீங்கள் மட்டும் மோட்டார் சைக்கிளை நிறுத்தி நனைந்துகொண்டு நிற்பீர்கள். "மாஸ்டர், உது விசர் மணி, வாங்கோ" என்று பெடியள் பகிடி பண்ணினால், "நான் போனால் நீங்களும் போவியள்" என்பீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஈரத்தோடு றெயில்வேக் கந்தோருக்குப் போன் எடுப்பீர்கள். "ஓம், ஆள் அனுப்புறம்" என்பார்கள். திருத்தத் தெரிந்தவர் முழுப் பாதைக்கும் ஒருவர்தானாம், சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டுமாம். "மிசினைப் பூட்டத் தெரியுது, பூட்டினதைப் பாக்கத் தெரியேல்லை" என்று தலையில் அடித்துக்கொண்டீர்கள்.

அந்தக் கார்த்திகையில் மணி கிழமைக் கணக்காக அடித்தது. கடைசியில் நீங்களும் அலுத்துப்போனீர்கள். சாவகச்சேரிச் சந்தையால் திரும்பி வந்த காலை, மணி அடிக்க அடிக்கக் கடந்தீர்கள். அன்றைக்கு றெயில் வந்தது.

எனக்குக் கந்தோரில் மட்டுமில்லை, உங்களிலும் கோபம். ஊர் போகட்டும், நீங்கள் ஏன் போனீர்கள்? உங்கள் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தும் இதைத்தான் கேட்டேன். பாதிரியார் என் கையைப் பிடித்து ஜெபித்தார். எனக்கு ஜெபம் ஏறவில்லை.

இடையில் எழும்பி ஓடிப்போய் வந்து மிச்சத்தை எழுதுகிறேன். மகள் போன் எடுத்தாள். சனிக்கிழமை, மருந்துக் கடையில் அரைநாள் வேலை. கடவைக்கு அந்தப் பக்கம் ஸ்கூட்டியோடு நிற்கிறாளாம். "அம்மா, எல்லாரும் கம்பியைச் சுத்திப் போகினம். நானும் வாறன், பசிக்குது."

"நில்லடி அங்கை!" செருப்பும் போடாமல் ஓடினேன்.

இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். "ஒண்டும் வரேல்லையம்மா, கண்ணாலை தெரியுதெல்லே!" என்று பாதையைக் காட்டினாள். வெறுந் தண்டவாளம்தான். "தெரியுது, நில்" என்றேன். எங்களுக்கு நடுவால் சைக்கிள் போனது, ஓட்டோ போனது. ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனான். அவளுக்கு ஆத்திரத்தில் கண்ணீர் வந்துவிட்டது. எவ்வளவு நேரம் மறிக்கலாம் என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு மத்தியான றெயில் வந்தது. அது எங்களுக்கு நடுவால் ஓடிய நேரம் அவளை நான் காணவில்லை. கடைசிப் பெட்டியும் போன பிறகு பார்த்தேன். நின்ற இடத்திலேயே நின்றாள், முகம் வெளிறி. மணி அப்போதும் ஓயவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு நான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன்.

இப்போது குசினியில் இருந்து சாப்பிடுகிறாள். கந்தோருக்குப் போன் எடுத்தேன், ஆள் வருவாராம். வந்தாலும் வராவிட்டாலும் அவள் வேலைக்குப் போகும் நேரமும் வரும் நேரமும் நான் கடவையில் நிற்பேன். அன்றைக்கு உங்களை மறிக்க அங்கே ஒருவரும் இருக்கவில்லை.