அப்பாவின் கூச்சம்

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

வாலு எழுதுவது. நலம். போனில் பேசினால் நாம் இருவரும் கத்துகிறோம், இனி கடிதம்தான் என்று அம்மா போட்ட உத்தரவுப்படி பேனாவை எடுத்திருக்கிறேன்.

படிப்பு முடியப் போகிறது. மசாஜ் சிகிச்சையில் பட்டம் என்றதும் அன்று நீங்கள், "ஊரார் காலைப் பிடிக்கிறதுக்கு காலேஜா?" என்றீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள், முதல் வருடம் முழுக்க ஒருவர் காலையும் பிடிக்கவில்லை. எந்தத் தசை எந்த எலும்பில் ஒட்டியிருக்கிறது, எந்த நரம்பு எந்த வழியாகப் போகிறது, யாரைத் தொடவே கூடாது, இதுதான் பாடம். போன வாரம் ஒருவர் கெண்டைக்கால் வீங்கி வந்தார். ரத்தம் கட்டியிருக்குமோ என்று சந்தேகம். கையே வைக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஆசிரியை அதற்குத்தான் என்னைப் பாராட்டினார்.

விஷயத்துக்கு வருகிறேன். கடைசிச் செய்முறைத் தேர்வுக்கு ஒவ்வொருவரும் நாள்பட்ட வலி உள்ள ஒருவரை வெளியிலிருந்து அழைத்து வர வேண்டும். பஸ் ஓட்டி ஓட்டி இறுகிப்போன உங்கள் தோளை விடப் பொருத்தமான தோள் எங்கே கிடைக்கும்? ஜூன் முதல் வாரம். லீவு சொல்லிவிட்டு வருவீர்களா? நீங்கள் வந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும்.

அன்புடன்,
வாலு

மார்ச் 15

அன்பு வாலுவுக்கு,

கடிதம் கிடைத்தது. டிப்போவில் டீ குடிக்கிற பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன், கையெழுத்தைக் குறை சொல்லாதே. புது வண்டி கொடுத்திருக்கிறார்கள். பிரேக் பரவாயில்லை, சீட்டு மகா மட்டம். தோள் அப்படியேதான் இருக்கிறது. மேல் தட்டில் இருக்கிற டப்பாவை எடுக்க உன் அம்மாவைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அவள் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துக் கொடுத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்க்கிறாள்.

தேர்வுக்கு வரச் சொன்னாய். யோசித்துப் பார்த்தேன். என்னால் முடியாது. கூச்சமாக இருக்கிறது. வேறு யாரையாவது பார்த்துக்கொள். கோபித்துக்கொள்ளாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அப்பா

மார்ச் 24

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

கூச்சம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு சொல் இந்த வாரம் முழுக்க என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

கல்லூரிக் கிளினிக்குக்கு நேற்று ஒரு தையல்காரர் வந்தார். கழுத்துப் பிடிப்பு. தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பித்தான் பேசினார். எல்லாம் முடிந்து போகிறபோது வாசலில் நின்று தலையை மட்டும் திருப்பி, "பாருங்க, திரும்புது!" என்றார். உடனே உங்களிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. அப்புறம் உங்கள் கடிதம் ஞாபகம் வந்தது. பாத்ரூமில் போய் அழுதேன் அப்பா. வெட்கப்படும்படி நான் என்ன செய்துவிட்டேன்?

நான் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மாவுக்கு இடுப்பு வலி. அவரையே கூட்டிப் போகிறேன். பட்டமளிப்பு விழாவுக்கும் நீங்கள் சிரமப்பட வேண்டாம். நாலு பேர் பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
மகள்

மார்ச் 30

அடி பைத்தியமே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் அம்மா என்னைப் பிடித்த பிடி இருக்கிறதே! "அப்படி என்னத்த எழுதித் தொலைச்சீங்க?" என்றாள். சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை.

நான் சொன்னது வெட்கம் இல்லை தாயே. கூச்சம்! கிச்சுகிச்சு! விலாப் பக்கம் ஒரு விரல் வந்தாலே துள்ளிவிடுவேன். தோள் என்றால் அக்குள் வராமல் போகுமா, விலா வராமல் போகுமா? சலூனில் பின்கழுத்துக்கு மெஷின் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சலூன்காரர் என்னைச் சிடுமூஞ்சி என்று நினைத்து வாயே திறக்கமாட்டார். டிப்போவில் கறாரான ஆள் என்று பேர் எடுத்தவன், பரீட்சை மேஜையில் படுத்துக்கொண்டு கீ கீ என்று கத்தினால் என் மானம் போவது இருக்கட்டும், உன் மார்க் என்ன ஆகும்? அதுதான் பயம். இதை விளக்கமாக எழுத எனக்கே ஒரு மாதிரி இருந்தது, ஒரு வார்த்தையில் முடித்துவிட்டேன்.

உன்னைப் பார்த்து எனக்கென்னடி வெட்கம்? தையல்காரர் கதையை டிப்போ முழுக்கச் சொல்லியாகிவிட்டது. மெக்கானிக் தன் முழங்காலைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் வரலாமா என்று கேட்கிறார்.

நீ அழுதாய் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கார அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. நான் வருகிறேன். துள்ளினால் நீதான் பொறுப்பு.

அப்பா

ஏப்ரல் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

பஸ்ஸில் உட்கார்ந்து படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் தள்ளி உட்கார்ந்தார். அப்பாடா என்று இருக்கிறது.

கூச்சக்காரர்களுக்கும் எங்களிடம் வழி உண்டு. விரல் நுனியால் தொடக் கூடாது. உள்ளங்கை முழுவதையும் அழுத்தமாக, மெதுவாக வைக்க வேண்டும். அதற்கும் அடங்காத ஆள் என்றால் அவர் கையையே அந்த இடத்தில் வைக்கச் சொல்லி, அதன் மேல் நாங்கள் கை வைப்போம். தன் கை தனக்குக் கூசாது. தைரியமாக வாருங்கள். வரும்போது அந்த மெக்கானிக்கைக் கூட்டிவர வேண்டாம்.

அன்புடன்,
வாலு

ஜூன் 20

அன்பு வாலுவுக்கு,

நீ பாஸ் என்ற சேதி வந்ததும் மேல் தட்டு டப்பாவை நானே எடுத்தேன். "கீழ போட்றாதீங்க" என்று உன் அம்மா பக்கத்திலேயே நின்றாள். போடவில்லை.

தேர்வன்று ஒரே ஒரு தடவை கீ என்றது உண்மைதான். தேர்வாளர் அம்மா சட்டென்று குனிந்துகொண்டார். மார்க் போட்டாரா சிரித்தாரா, எனக்குத் தெரியாது. அப்புறம் நீ என் கையை என் விலாவில் வைக்கச் சொல்லி, அதன் மேல் உன் கையை வைத்தாய். கொஞ்ச நேரத்தில் "இப்ப உங்க கைய எடுங்கப்பா" என்றாய். எடுத்தேன். கூசவில்லை. ரோடு தாண்டும்போது என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு வந்த கை இவ்வளவு கெட்டியாகிவிட்டதா என்று நினைத்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலி என்று நினைத்து, "அழுத்தத்தைக் குறைக்கட்டுமா?" என்று கேட்டாய். வேண்டாம் என்றேனே, அது இதனால்தான்.

விழாவுக்கு மூன்று இடம் சொல்லி வை. மெக்கானிக் கேட்கமாட்டேன் என்கிறார். மேடையில் உன்னைக் கூப்பிடும்போது எழுந்து நின்று, இந்தத் தோள் போகிற உயரத்துக்குக் கையைத் தூக்கித் தட்டப் போகிறேன். நாலு பேர் பார்க்கட்டும். எனக்குக் கூச்சம் விலாவில் மட்டும்தான்.

அப்பா