சைரன் ஊதியபோது

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

நேற்று இந்த நாட்டுக்காக உயிர்விட்டவர்களை நினைக்கும் நாள். அவர்களுக்கு அஞ்சலியாக ஊர் முழுக்கச் சைரன் ஊதியதும் எங்கள் பேக்கரியில் எல்லோரும் அசையாமல் நின்றார்கள். சாமி விஷயத்தில் தினமும் முட்டிக்கொள்ளும் மாஸ்டரும் மாவு பிசைகிறவரும்கூட அருகருகே தலைகுனிந்து நின்றார்கள். ரொட்டி கருகும் வாசனை வந்தது. அடுப்பை நோக்கி ஓடப்போன என் கையை மாஸ்டர் பிடித்துக்கொண்டார்.

சைரன் ஓய்ந்ததும், "கருகினா கருகட்டும்டா. செத்தவங்க எந்தச் சாமியக் கும்பிட்டாங்கன்னு பாத்தா நிக்கிறோம்?" என்றார்.

"இதுலயாவது ஒத்துப்போறோமே!" என்று சிரித்தார் மாவு பிசைகிறவர்.

கருகியதைச் சுரண்டிவிட்டு எல்லோரும் பங்குபோட்டுத் தின்றோம். "நீ யாரடா நெனச்சே?" என்று மாஸ்டர் கேட்டார். வெளிநாட்டுக்காரன் நான் யாரை நினைப்பேன்? போன வருஷம் தவறிப்போன அப்பாவைத்தான் என்றேன்.

"அப்போ அவருக்கும் சேர்த்துதான் நின்னோம்" என்றார்.

அப்பா சிரிக்கிற போட்டோ இருந்தால் அனுப்பம்மா. மாஸ்டர் பார்க்க வேண்டுமாம். அடுப்பு கூப்பிடுகிறது, ஓடுகிறேன்.

உன் மகன்