"ஏதோ கொஞ்சம்" என்று நீங்கள் சொல்லாத நாள்

அன்புள்ள அக்கா,

சென்ற செவ்வாய்க்கிழமை பல் துப்புரவு செய்யப் போயிருந்தேன். நாற்காலியைச் சாய்ப்பதற்கு முன் பல்லையும் ஈறையும் சுத்தம் செய்யும் இளம் ஹைஜீனிஸ்ட் பெண் என் ஒரு கையில் சிறு கண்ணாடியைத் தந்தாள். மறு கையில் ஒரு சிவப்பு மாத்திரை. மென்று துப்பச் சொன்னாள். பல்லில் அழுக்கு ஒட்டியிருக்கும் இடமெல்லாம் சிவக்கும் மாத்திரை அது. அந்த இனிப்பு வாசனை மூக்கில் ஏறியதும், லண்டன் மனோர் பார்க் வீட்டுச் சமையலறையில் சிவந்த வாயோடு நாம் இருவரும் சிரித்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. "இந்த வயதில் இவ்வளவு நல்ல ஈறு! யார் சொல்லித் தந்தது?" என்று அவள் கேட்டாள். வாய் நிறையத் தண்ணீர். உடனே பதில் சொல்ல முடியவில்லை.

நீங்கள் போன மாசியில் கண்ணை மூடிவிட்டீர்கள். அதன் பிறகு உங்களைப் பற்றி ஒருவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். கேட்டவளுக்கு அது தெரியாது.

எண்பதுகளின் நடுவில் அந்த வீட்டு மேல்மாடியில் உங்கள் குடும்பமும் கீழே என் குடும்பமும் இருந்தோம். சமையலறை ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் ஒரு பல்வைத்தியருக்கு ஒன்பது வருடம் உதவியாளராக இருந்தவர் நீங்கள். இங்கே ஈஸ்ட் ஹாமில் ஒரு பல்வைத்தியரிடம் கருவிகள் கழுவத் தொடங்கி, பரீட்சை எடுத்து, அங்கேயும் உதவியாளரானீர்கள். ஆனால் உங்களுக்கு வேண்டியது அதற்கு அடுத்த படி. கல்லூரியில் ஹைஜீனிஸ்ட் படிப்பு. உங்கள் கையாலேயே ஒருவருடைய வாயைச் சுகமாக்கும் வேலை.

விண்ணப்பத்தை நீங்கள் எழுதினீர்கள், நான் திருத்தினேன். நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை, திருத்துவது என் தொழில். "கருவிகளைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். நோயாளிகளுக்குக் கொஞ்சம் உதவியிருக்கிறேன். வேலை எல்லாம் டாக்டர்தான் செய்தார்." இப்படித்தான் இருந்தது அது. நான் எழுத்துப்பிழைகளை மாற்றினேன். கடைசியில் என் சொந்த வசனம் ஒன்றையும் சேர்த்தேன்: "நான் கெட்டிக்காரி அல்ல, ஆனாலும் முயற்சி செய்வேன்." அது விண்ணப்பத்துக்கு ஒரு அழகு என்று நினைத்தேன்.

நம் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? நன்றாகப் பாடுகிறவரைப் பாடத் தெரியுமா என்று கேட்டால் "ஏதோ கொஞ்சம்" என்பார். ஒன்பது கறி வைத்துவிட்டு, "ஏதோ கொஞ்சம் சமைச்சனான், குறை நினைக்காதேங்கோ" என்போம். கேட்கிறவரும் நம்மவர் என்றால் அதன் பொருளை உடனே பிடித்துக்கொள்வார். கல்லூரியில் இருந்தவர்களோ எழுதியதை எழுதியபடியே நம்பிவிட்டார்கள். ஒரே ஒரு வரியில் பதில் வந்தது. அனுபவம் போதாது.

"அவை சொல்லுறது சரிதானே, ரீச்சர். எனக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனீர்கள். இரண்டு நாள் சமையலறைப் பக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள், அனுப்புவதற்கு முன் நூலகத்தில் பிரதி எடுத்து வைத்திருந்த விண்ணப்பத்தை விரித்து வைத்து, உங்களைத் தெரியாத ஒருவரின் கண்ணால் வாசித்துப் பார்த்தேன். எனக்கு வெட்கமாகிவிட்டது. அங்கும் இங்குமாகப் பன்னிரண்டு வருடம் வேலை செய்த ஒருவரை அந்தத் தாளில் எங்கேயும் காணவில்லை.

"அக்கா, இது என்ரை பிழை."

"நீங்கள் என்ன செய்தனீங்கள்? இங்கிலீசைத் தானே திருத்தினீங்கள்."

"இங்கிலீசு சரி. ஆள்தான் இல்லை. அடுத்த வருஷம் வேறை மாதிரி எழுதவேணும்."

"என்ன, என்னைப் பெருமை அடிக்கச் சொல்லுறியளோ? ஊர் சிரிக்கும்."

"ஊர் இந்த விண்ணப்பப் போமை வாசிக்காது அக்கா."

வெங்காயம் வெட்டிய கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "பெருமை எனக்கு வராது. செய்ததை மட்டும் எழுதலாமெண்டால் எழுதுறன்." பலர் அந்த வழியை என் யோசனை என்று பின்னாளில் புகழ்ந்தார்கள். அது உங்களுடையது.

அடுத்த விண்ணப்பத்தில் எழுதுவதற்கென்று, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டே பேசும் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தீர்கள். உங்கள் பல்வைத்தியரிடம் வந்தவர், வாயைத் திறக்கவே கூசியவர். நீங்கள் முதலில் அவர் கையில் கண்ணாடியைக் கொடுத்தீர்கள். "முதல் நீங்களே பாருங்கோ, பிறகு நான் பாக்கிறன்." முதல் வாரம் கீழ்ப் பல் இரண்டை மட்டும் எப்படித் துலக்குவது என்று காட்டினீர்கள். அடுத்த வாரம் இன்னும் இரண்டு. ஆறாம் வாரம் இரத்தம் வடிவது நின்றது. அவர் கோயிலில் தலைப்பைத் தோளிலேயே விட்டுவிட்டுச் சிரித்தார். இவ்வளவையும் ஒரு "கொஞ்சம்" கூட இல்லாமல் எழுதினீர்கள்.

அந்த நாட்களில்தான் சிவப்பு மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிலும் பரிசோதித்தீர்கள். என் கடைவாய்ப் பற்கள் கரை வேட்டி மாதிரிச் சிவந்தன. "ரீச்சர், வகுப்பிலை எல்லாப் பிள்ளையளையும் பாக்கிறியள், மூலையிலை இருக்கிறதுகளை மறந்துபோனியள்!" அன்று துலக்கக் காட்டித் தந்த முறையைத்தான் இன்று வரை செய்கிறேன்.

இந்த முறை கல்லூரி உங்களை நேர்முகத் தேர்வுக்கு அழைத்தது. போகும் காலையில் மட்டும் நீங்கள் சிரிக்கவில்லை. "நாப்பத்திரண்டு வயசு. இந்த முறையும் இல்லையெண்டால் இனி நான் போம் தொடமாட்டன்."

பாடசாலை விட்டதும் பஸ் தரிப்பிடத்தில் போய் நின்றேன். இறங்கினீர்கள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்ன கேட்டவை?"

"நல்ல பல்முரசுக்கும் பழுதான பல்முரசுக்கும் வித்தியாசம் தெரியுமோ எண்டு கேட்டவை."

"பிறகு?"

"'ஏதோ கொஞ்சம்' எண்டு வாய்க்குள்ளை வந்திட்டுது, ரீச்சர். விழுங்கிப்போட்டன். 'ஓம், எனக்குத் தெரியும்' எண்டு சொன்னன். சொல்லத் தொடங்கினாப் பிறகு அவைதான் நேரம் போச்சுது எண்டு மறிச்சவை."

"கூச்சமா இருந்ததோ?"

"முதல் வசனத்துக்கு மட்டும்."

அதன் பிறகுதான் உங்கள் முகம் மலர்ந்தது. வீடு வரை அந்தக் கேள்விக்குச் சொன்ன பதிலை முழுவதும் எனக்கும் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். பலசரக்குக் கடைவாசலில் நின்று, நல்ல பல்முரசு எப்படி இருக்கும் என்று உங்கள் ஈறையும் காட்டினீர்கள். கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

இடம் கிடைத்த கடிதம் வந்த அன்று கறி அடிப்பிடித்தது. பக்கத்து வீட்டு அன்ரி, "நல்லாப் படிச்சிருப்பியள் போலை" என்று வாழ்த்த, நீங்கள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, "ஏதோ கொஞ்சம்" என்றீர்கள்.

தொண்ணூறுகளில் சட்டன் என்ற ஊரில் உங்கள் பெயர் எழுதிய கதவைத் திறந்துகொண்டு நான் நோயாளியாக வந்தேன். வெள்ளை அங்கியில் நீங்கள். என் கையில் முதலில் கண்ணாடியைத் தந்தீர்கள். அன்று எனக்கு வந்த பெருமை, என் பிள்ளைகள் பட்டம் வாங்கியபோது வந்ததற்குக் குறைந்ததல்ல.

நிராகரிக்கப்பட்ட அந்த முதல் விண்ணப்பத்துக்குப் பிறகு என் வகுப்பிலும் ஒன்று மாறியது. ஒரு பிள்ளையிடம் "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "நீ என்ன செய்தாய், சொல்லு" என்று கேட்பேன். தலையைக் குனிந்து நின்ற பிள்ளைகள் கூட அதற்குப் பதில் சொல்வார்கள். ஓய்வு பெறும் வரை அப்படியே கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை வாயைக் கொப்பளித்து நிமிர்ந்ததும், அந்தப் பெண் கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

"என் சிநேகிதி சொல்லித் தந்தது. அவரும் ஹைஜீனிஸ்ட். இந்த வேலை அவருக்கு மிக நன்றாகத் தெரியும்."

எதையும் குறைத்துச் சொல்லவில்லை, அக்கா.

உங்கள்
ரீச்சர்