இந்த விதைப்பு கழியட்டும்

மட்டாஞ்சேரி, 1981, இடவ மாதம்

என் பிரியத்துக்குரிய அத்தைக்கு,

உங்கள் மருமகள் கமலா, பம்ப்செட் கடையின் பின்னறையிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் இல்லாமல் வந்திருக்கும் முதல் மழைக்காலம் இது. பஜார் முழுக்க மிளகும் இஞ்சியும் ஈரத்தில் மணக்கிறது. நம் கடையில் மட்டும் வழக்கம்போல டீசல். எத்தனை அலசினாலும் சேலையை விட்டு அது போவதில்லை. உங்களுக்காவது போயிற்றா?

கடை வாசலுக்குள் அந்தப் பவர் டில்லர் வழியை அடைத்துக்கொண்டு அப்படியேதான் நிற்கிறது. ஆள் கிடைக்காத காலத்தில் இது உழுது தரும் என்று, அதை வள்ளத்தில் ஏற்றி இடக்கொச்சிக்குக் கொண்டுபோனீர்களே, நினைவிருக்கிறதா? காயலின் உப்புநீர் ஏறி இறங்கும் அந்தப் பொக்காளி வயலின் சேறு, அச்சு வரை அதை உள்ளே இழுத்துக்கொண்டது. கயிறு கட்டி இழுத்தவர்கள் முன்னால் நீங்கள் முகம் கோணாமல், "பரவால்ல, சேத்துக்கும் பசிக்கும்ல" என்றீர்கள். சித்தூர்க் கரிசலில் டிராக்டர் நேராகப் போவதைப் பார்த்து வளர்ந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இப்போது அந்த டில்லரை ஒட்டி உடம்பை ஒடுக்கிக்கொண்டுதான் தினமும் வெளியே போய் வருகிறேன். வீட்டுக்கு வேறு வாசல் வைக்காமல் கட்டியது யார் என்று உங்களிடம் கேட்காமலே விட்டுவிட்டேன்.

உங்கள் மகன் துபாயிலிருந்து என்னை முதலில் அழைத்தபோது நீங்கள் சொன்னீர்கள்: "இந்த விதைப்பு கழியட்டும், கமலா. பொறவு போலாம்." விதைப்பு கழிந்தது. அறுவடை வந்தது. அறுவடை முடிந்தால் அதே வயலில் இறால் விடுவார்கள், அதற்கும் பம்ப் ஓட வேண்டும். அதற்குள் மறுபடி விதைப்பு. நீங்கள் பொல்லாதவர் இல்லை அத்தை. எனக்குக் காய்ச்சல் என்றால் கடையை மூடிவிட்டு என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர். அதனால்தான் எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. உங்கள்மேல் கோபப்பட முடிந்திருந்தால் என்றைக்கோ போயிருப்பேன்.

நீங்கள் போன பிறகு அவர் எழுதுகிறார்: கடையை வேறு யார் பார்ப்பது, நீயே இரு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகள் ருக்மிணிக்கு வேலை கிடைத்திருக்கிறது. களமசேரியில் ஒரு ஃபாக்டரியில் டைப்பிஸ்ட். திங்கட்கிழமை சேர வேண்டும். தங்குவதற்கும் அங்கேயே ஹாஸ்டல் இருக்கிறதாம். வேலை ஆர்டரை என்னிடம் நீட்டினாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இந்த விதைப்பு கழியட்டும், ருக்கு. அப்புறம் பார்க்கலாம்."

வாய் என்னுடையதுதான், குரல் உங்களுடையது. "சரி அண்ணி" என்று அதை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, அவள் எஞ்சின் ஃபில்டரைக் கழுவப் போய்விட்டாள். எனக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பில் எல்லாம் மலையாளத்தில் எழுத வேண்டும், எனக்குப் பேசத்தான் வரும். உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒரு காரணம் இருந்திருக்கும், இல்லையா?

நேற்று நானும் அவளும் பம்ப்பை ஏற்றிக்கொண்டு இடக்கொச்சி போனோம். மழை ஒரே மூச்சாகக் கொட்டியதில், விதைப்பதற்காகக் குவித்த மண்மேடுகளெல்லாம் தண்ணீருக்குள் கிடந்தன. காயலும் ஏறி நின்றதால் மதகைத் திறக்க வழியில்லை. தண்ணீரை இறைத்தால்தான் மேடு வெளியே தெரியும், விதைக்க முடியும்.

வயல்காரர் தங்கப்பன் சேட்டன் நெல்லை ஓலைக்கூடைகளில் இறுக்கிக் கட்டி, ஊறவைத்து, முளை எட்டிப் பார்த்ததும் நிழலில் எடுத்து வைத்திருந்தார். மழை உப்பைக் கழுவிவிடும் வரை அது கூடைக்குள்ளேயே காத்திருக்குமாம். எங்கள் முன்னால் ஒரு கூடையைப் பிரித்தார். உள்ளே வேரோடு வேர் பின்னி, பாய் மாதிரி ஒரே கட்டியாக இருந்தது. பிரிக்கப் பிரிக்க முளைகள் ஒடிந்தன.

"இது போச்சு மோளே," என்றார் ருக்மிணியிடம். "முன்கூட்டியே கட்டி வெச்சது. இன்னும் கொறச்சு நாள் தாங்கும்னு நெனச்சேன்."

"பாக்கிக் கூடை?"

"இன்னிக்கு வெள்ளம் வத்தினா வெதைக்கலாம். நாளைக்குன்னா சொல்ல முடியாது."

அவள் ஒடிந்த முளைகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் கைப்பிடியைப் போட்டு எஞ்சினைச் சுற்றினேன். எஞ்சின் பிடித்து, குழாயில் தண்ணீர் சீறத் தொடங்கிய பிறகும் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

திரும்பி வரும்போது வள்ளத்தில் கேட்டாள்: "அண்ணி, துபாய் போயிருந்தா நீங்க மொதல்ல என்ன பண்ணியிருப்பீங்க?"

யோசித்தேன். முன்பெல்லாம் எவ்வளவோ வைத்திருந்தேன் அத்தை. எனக்கே எனக்கு ஒரு சாவி, துணி காயப்போட ஒரு பால்கனி, டீசல் வாடை இல்லாத ஒரு சேலை. நேற்று தேடித் தேடிப் பார்த்தும் ஒன்றுகூட மனசில் தோன்றவில்லை. போக முடியாமல் போனதற்கு நிறைய அழுதிருக்கிறேன். போகிற ஆசையே வற்றிப்போனது நேற்றுத்தான் தெரிந்தது. பயந்துவிட்டேன்.

வீடு வந்ததும் ஆர்டரை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "பெட்டியைக் கட்டு" என்றேன். நம்பாமல் பார்த்தாள்.

"அப்போ விதைப்பு?"

"அது எங்கே போகுது? வருஷா வருஷம் வரும்."

பில்லைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கிறேன், சேட்டன்மார் பாடுபட்டுப் படித்துக்கொள்ளட்டும். அவள் பெட்டி டில்லரைத் தாண்டி வெளியே வராது, வைத்துப் பார்த்துவிட்டேன். திங்கட்கிழமை காலையில் நாலு ஆளைக் கூப்பிட்டு அதைத் தெருவுக்குத் தள்ளுவேன். அவளை நானே எர்ணாகுளம் கூட்டிப்போய்க் களமசேரி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்துதான் கடை திறப்பேன்.

நான் எப்போது போவேன் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் மேல் ஆணையாகச் சொல்கிறேன்: அந்தச் சொல்லை இனி இந்த வீட்டில் யாரிடமும் சொல்ல மாட்டேன். டில்லரையும் மறுபடி உள்ளே ஏற்றப்போவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் மகளை அனுப்பிவைக்கும் அண்ணி,
நீங்கள் அனுப்பிவைக்காத மருமகள்,
கமலா