மின்நிலையக் கிணறு பற்றி நான் கொடுத்த பொய் வாக்குமூலம்

அனுப்புநர்:
நூர் பாஷா,
பம்ப் ஆபரேட்டர், நூற்பாலை மின்நிலையம்,
ஆலைமேடு, பொம்மிடி வழி,
தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட கலெக்டர் அவர்கள்,
தருமபுரி.

பொருள்: மின்நிலையத்துக்கு இறைக்கும் கிணற்று நீர் குறித்து நான் தந்த பொய் வாக்குமூலத்தை ரத்து செய்து, மறு விசாரணை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் ஆலை தனக்கு வேண்டிய மின்சாரத்தை நீராவியால் தானே உற்பத்தி செய்துகொள்கிறது. அதற்குத் தண்ணீர் இறைப்பது பதினோரு வருடமாக என் வேலை.

பக்கத்துக் காட்டு விவசாயி தீர்த்தகிரி, தம் கிணறு வற்ற எங்கள் பம்ப்தான் காரணம் என்று புகார் கொடுத்திருந்தார். அதை விசாரிக்க மார்ச் 14-ஆம் தேதி தங்கள் அதிகாரி வந்தார். பம்ப் தினம் மூன்று மணி நேரமே ஓடுவதாகவும், இறைத்த நீர் முழுவதும் வீணாகாமல் ஆலைக்குள்ளேயே சுற்றித் திரும்ப வந்துவிடுவதாகவும் நான் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். மேனேஜர் சொல்லச் சொன்னார், சொன்னேன். ஜீப் வருமுன் பம்பை நிறுத்தி வைத்தவனும் நானே.

உண்மையில் பம்ப் தினம் பதினான்கு மணி நேரம் ஓடுகிறது. டர்பைனைச் சுழற்றிய நீராவி குளிர்ந்து பாய்லருக்குத் திரும்புவது மெய்தான். ஆனால் அதைக் குளிர வைக்கும் தண்ணீர் சூடேறித் திறந்த தொட்டிக்கு வந்து, அங்கே ஆவியாகிக் காற்றோடு போய்விடுகிறது. அந்தக் குறைவை ஈடுகட்டத்தான் நாள் முழுக்க இறைக்கிறேன். போன தண்ணீர் எந்தக் கிணற்றுக்கும் திரும்புவதில்லை.

அதிகாரி கிளம்பியதும் தீர்த்தகிரி வேலியோரம் வந்து, "நீங்களே இப்பிடிச் சொல்லிப்புட்டீங்களே, பாய்" என்றார். குரலை உயர்த்தவில்லை. அதன்பின் அவர் என்னோடு பேசவேயில்லை. தண்ணீருக்குப் போன இடத்தில் பெண்கள் முகம் கொடுக்காததால் என் மனைவி அமீனா பாலக்கோட்டில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். "நெசத்தச் சொல்லிட்டு வந்து கூப்புடுங்க" என்பதுதான் அவள் கடைசியாகச் சொன்னது.

ஐந்து வாரமாகிறது. டீக்கடையில் நான் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகிவிடுகிறது. ஷிப்ட் முடிந்ததும் பொம்மிடி ஸ்டேஷனுக்குப் போய், ரயிலுக்குக் காத்திருப்பவன் போல உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புகிறேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது.

ஆகவே, முன்கூட்டித் தெரிவிக்காமல் ஆய்வு செய்து, பம்ப் ஓடும் நேரத்துக்கு வரம்பு வைத்து, சுற்றுக் கிணறுகள் ஊற வழி செய்ய வேண்டுகிறேன். இதனால் என் வேலை போகும் என்பதை அறிந்தே எழுதுகிறேன். என் புது வாக்குமூலத்தை ஆபீஸில் வைத்து வாங்க வேண்டாம். தீர்த்தகிரியையும் அழைத்து நிறுத்தி, அவர் காது கேட்க என்னை விசாரிக்கும்படி உத்தரவிடுங்கள் ஐயா.

இடம்: ஆலைமேடு
தேதி: 21-4-1973

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) நூர் பாஷா