பின்னல் ஊசிகளையும் மெத்தைச் செருப்புகளையும் திரும்பக் கோரி

அனுப்புநர்:
வெர்னா ஸ்கோக்லண்ட்,
முதுநிலைப் பணியாளர்,
ஆஸ்பர்ன் ஃபோர்க் மாவட்ட அவசர அழைப்பு மையம்,
லார்ச் பெண்ட், மான்டானா.

பெறுநர்:
திரு. கார்டன் லீட்கே அவர்கள்,
தலைவர், மாவட்ட ஆணையர் குழு,
லார்ச் பெண்ட்.

பொருள்: அழைப்பு மையப் பணியாளர்களின் உடை மற்றும் பழக்கங்கள் குறித்த ஜூன் மாதச் சுற்றறிக்கையை ரத்து செய்யவும், ஜொலெட்டா ஏம்ஸ் மீதான பணிநீக்க நடவடிக்கையை நிறுத்தவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வரும் வியாழக்கிழமை தங்கள் தலைமையில் எங்கள் சக பணியாளர் ஜொலெட்டா ஏம்ஸ் மீதான விசாரணை நடக்கவிருக்கிறது. இம்மனு அதற்குள் தங்கள் பார்வைக்கு வந்துவிட வேண்டும் என்பதால் தபாலை நம்பாமல் நேரில் கொண்டுவந்து கொடுக்கிறேன். கொஞ்சம் நீளம்தான். தயவுசெய்து பாதியில் மூடிவைத்துவிட வேண்டாம்.

1. இம்மையத்தில் நான் இருபது வருடங்களுக்கு மேலாகப் பணிபுரிகிறேன். மாவட்டத்தில் யார் வீட்டில் தீப்பிடித்தாலும், யாருக்கு நெஞ்சு வலித்தாலும் எங்கள் அறைக்குத்தான் போன் வரும். எங்களை யாரும் பார்ப்பதில்லை. அறைக்கு ஜன்னல் கிடையாது. இயந்திரங்கள் சூடாகக் கூடாது என்று குளிரூட்டியை ஓடவிட்டிருப்பார்கள். வெளியே ஆகஸ்ட் வெயில் கொளுத்தும்போது உள்ளே நாங்கள் பற்கள் தந்தியடிக்க உட்கார்ந்திருப்போம். ஆகவே தொளதொளப்பான கால்சட்டை, பழைய கம்பளிச் சட்டை, காலில் மெத்தைச் செருப்பு, இவைதான் எத்தனையோ வருடமாக எங்கள் உடை. வரும்போது போட்டிருக்கும் பூட்ஸைக் கதவருகே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவோம்.

2. செருப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் ஒவ்வொருவர் மேசைக்கடியிலும் ஒரு மிதி இருக்கிறது. தையல் இயந்திரத்தில் இருப்பது போன்றதுதான், அளவில் சிறியது. அதை அழுத்திக்கொண்டு பேசினால்தான் பேச்சு வயர்லெஸ்ஸில் தீயணைப்பு வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் போகும். கை இரண்டும் தட்டச்சில் இருப்பதால் இந்த ஏற்பாடு. மிதி இறங்கியதா இல்லையா என்பதைக் காலால் உணர்ந்துதான் அறிகிறோம். மிதி முழுதாக இறங்கினால் ஒரு சிறு விளக்கு எரியும் என்பது உண்மையே. நாலு திரைகளுக்குக் கீழே மூலையில் எரியும் அந்த விளக்கை, வரைபடத்தில் வீடு தேடிக்கொண்டிருப்பவர் பார்க்க மாட்டார்.

3. அடுத்தது பின்னல். இதைப் பற்றித் தங்களிடம் வேறு மாதிரி சொல்லப்பட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். அழைப்பு வராத நேரத்தில் கைப்பேசியைப் பார்த்தால் மனம் அதோடு போய்விடும். புத்தகம் படித்தாலும் அப்படியே. நேர்ப்பின்னல் போடுகிறவருக்குக் கை மட்டும்தான் வேலை செய்யும், காது அறையிலேயே இருக்கும். வண்டி போய்ச் சேரும்வரை அழைத்தவரிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் கை நடுங்காமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மரம் வெட்டும் வேலையிலிருந்து வந்தவர் எங்கள் வென்டெல் பாரிஷ். முதல் வாரம் ஊசியைக் கையில் கொடுத்தபோது, “எனக்கு எதுக்கும்மா இந்த வேஷம்” என்றார். இன்று இந்த ஊரில் பிறக்கும் குழந்தைகளில் பாதிப் பேர் அவர் பின்னிய குல்லாயோடுதான் வீட்டுக்குப் போகிறார்கள்.

இதற்குமேல் ஒன்று உண்டு. அது எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. எங்கள் ஒரு காதில் ஹெட்செட் இருக்கும், மறு காது திறந்திருக்கும். பக்கத்து மேசையில் ஊசிகள் ஒன்றோடொன்று தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அது சட்டென்று நின்றுபோய், தட்டச்சுச் சத்தமும் கேட்கவில்லை என்றால், அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பொருள். உடனே பக்கத்தில் இருப்பவர் எழுந்து போய் அவர் திரையைப் பார்ப்பார், அவருடைய வயர்லெஸ்ஸைத் தான் வாங்கிக்கொள்வார். எங்கள் வேலையில் எல்லோரும் ஒரு நாள் உறைந்து போவோம். அப்போது “எனக்கு முடியவில்லை” என்று கூப்பிடத் தோன்றாது, உறைந்துவிட்டோம் என்பதே தெரியாது. புதிதாக வருகிறவருக்கு முதல் வாரத்திலேயே பின்னல் கற்றுக்கொடுப்பது இதற்காகத்தான்.

4. சென்ற மே மாதம் திரு. பிரென்ட் ஹாவ்லிக் அவர்கள் பெருநகர அலுவலகம் ஒன்றிலிருந்து எங்கள் இயக்குநராக வந்தார். வந்த அன்றே அறை நடுவில் நின்று, “பரவால்லயே, இன்னிக்கு ரொம்ப அமைதியா இருக்கு” என்றார். ஐயா, அந்த வார்த்தையை எங்கள் அறையில் யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அன்றைக்கு உருப்படாது என்பது எங்கள் நம்பிக்கை. வென்டெல், “போச்சு, மனுஷன் வாய வச்சுட்டாரு” என்று முணுமுணுத்தார். எல்லோரும் சிரித்துவிட்டோம். புதியவரை அப்படிச் சிரித்திருக்கக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் நெடுஞ்சாலையில் ஜல்லி லாரி கவிழ்ந்து, போன்கள் நிற்காமல் அடிக்க ஆரம்பித்தன. அவருக்கு நினைவில் நின்றது எங்கள் சிரிப்பு மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

5. ஜூனில் சுற்றறிக்கை வந்தது. விறைப்பான காலர் வைத்த சீருடைச் சட்டை, இடுப்புப் பட்டை, ரோந்துக் காவலர்கள் போடும் தடித்த அடிப்பாகம் கொண்ட பூட்ஸ். பின்னல், போர்வை, மெத்தைச் செருப்பு மூன்றுக்கும் தடை. எங்களில் பெரும்பாலோர் பெண்கள். பூட்ஸ் ஆண்கள் அளவில் வாங்கப்பட்டிருந்தது. ஜொலெட்டா நேரில் போய்ச் சொன்னார். நானும் கூட இருந்தேன். “சார், இந்த பூட்ஸ்ல மிதி கால்ல தட்டுப்படவே மாட்டேங்குது. அழுத்துனேனா இல்லையான்னே தெரியல” என்றார். “பழகிடும்மா. பூட்ஸ் போட்டாத்தான் வேலைக்கு வந்த நெனப்பே வரும்” என்று பதில் வந்தது. பின்னலைப் பற்றி நான் ஆரம்பித்தேன். “இது அரசு அலுவலகமா, மாதர் சங்கமா?” என்று கேட்டார். அதற்கு மேல் பேசினால் என் வாய் என் பேச்சைக் கேட்காது என்று எழுந்து வந்துவிட்டேன். பிறகு எழுத்து மூலமும் கொடுத்தேன். இன்றுவரை பதில் இல்லை.

6. ஆகஸ்டில் மழையில்லாத மின்னல் விழுந்து மேற்கு மலையில் பல இடங்களில் ஒரே நேரத்தில் தீப்பிடித்த நாளைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிற்பகலில் எங்கள் எல்லாத் தொடர்புகளும் நிரம்பி வழிந்தன. மலைப்பாதை முடிவில் குதிரைப் பண்ணை வைத்திருந்த திரு. டேல் டோர்விக் அழைத்தார். ஜொலெட்டா எடுத்தார். பட்டியின் இரும்புக் கதவு திறக்கவில்லை, குதிரைகள் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கின்றன, தீ வேலிக்கு அந்தப் பக்கம் வந்துவிட்டது என்றார் அவர். கிளம்பி வாருங்கள் என்று ஜொலெட்டா கெஞ்சினார், அவர் கேட்கவில்லை. ஜொலெட்டா மிதியை அழுத்தி, தீயணைப்பு வண்டிக்கு இடத்தைச் சொன்னார். சொல்லிவிட்டு உடனே டேலிடம் திரும்பினார்.

“கதவு கொதிக்குது, கை வைக்க முடியல.”

“சட்டையக் கழட்டிக் கையில சுத்திக்கோங்க டேல். வண்டி வந்துட்டிருக்கு. பேச்ச விட்ராதீங்க. குதிரைங்க பேர ஒண்ணொண்ணா சொல்லுங்க.”

அவர் சொன்னார். சில பெயர்களுக்குப் பிறகு இருமல், அப்புறம் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும்.

வண்டி வந்துகொண்டிருக்கவில்லை, ஐயா. பூட்ஸுக்குக் கீழே மிதி பாதிதான் இறங்கியிருந்தது. ஜொலெட்டா சொன்ன ஒரு வார்த்தையும் வெளியே போகவில்லை. மலையடிவார முச்சந்தியில் வண்டி உத்தரவுக்காகக் காத்து நின்றது. ஜொலெட்டாவோ வண்டி போய்க்கொண்டிருக்கிறது என்று நம்பி, இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தபடி அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு உறைந்து உட்கார்ந்திருந்தார்.

நான் பக்கத்து மேசையில் இருந்தேன். கோடைக்கால முகாமிலிருந்து குழந்தைகளை வெளியேற்றும் அழைப்பில் இருந்தேன். கைக்கெட்டும் தூரத்தில் என் சக பணியாளர் சிலையாக இருப்பது எனக்குத் தெரியாது. நின்றுபோவதற்கு அங்கே எந்தச் சத்தமும் இல்லை. டேலின் பக்கத்துப் பண்ணைக்காரர் அழைத்து, “டோர்விக் இடம் எரியுது, ஒரு வண்டியையும் காணோமே” என்று கேட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் நேரம் கடந்துவிட்டது. வண்டி போனபோது பட்டிக் கதவு திறந்திருந்தது, குதிரைகள் தப்பிவிட்டன. டேல் கதவருகே கிடந்தார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது.

7. இயக்குநரின் அறிக்கை இதைக் ‘கவனக்குறைவு’ என்கிறது. ஜொலெட்டா மேல் தவறே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. வண்டியிலிருந்து பதில் வருகிறதா என்று அவர் உறுதி செய்திருக்க வேண்டும். அவரே அன்று என் காரில் உட்கார்ந்து, “திருப்பிச் சொல்லச் சொல்லிருக்கணும் வெர்னா, அது கூட எனக்குத் தோணலயே” என்று அழுதார். ஆனால் ஜூனிலிருந்து மிதி இறங்காமல் பேசிய தவறை அறையில் எல்லோரும் செய்திருக்கிறோம், நான் உட்பட. ஓய்வான வேளைகளாக இருந்ததால் உடனே கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டோம். இது இயக்குநருக்கும் தெரியும். டேலின் இறுதிச் சடங்கு முடிந்த மறுநாள் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது: ‘மிதியை அழுத்தும்போது கவனம் தேவை.’ அதைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்தை இந்த மனுவில் எழுத முடியாது.

8. சென்ற ஞாயிற்றுக்கிழமை டேலின் மனைவி திருமதி மார்லிஸ் டோர்விக் மையத்துக்கு வந்தார். வெளியாட்களை உள்ளே விடக்கூடாது என்பது விதி. வென்டெல் கதவைத் திறந்தார், நான் தடுக்கவில்லை. அதற்கு எங்கள் இருவர் மீதும் நடவடிக்கை எடுப்பதானால் எடுக்கலாம். “எங்க உக்காந்திருந்தா அவ?” என்று மார்லிஸ் கேட்டார். காட்டினேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஜொலெட்டாவின் பூட்ஸ் இன்னும் மேசைக்கடியில்தான் கிடந்தது. என்ன நடந்தது என்பதை நான் சொல்லச் சொல்ல, தன் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த பூட்ஸுக்குள் காலை விட்டார். அந்த மேசையின் வயர்லெஸ்ஸை அணைத்துவிட்டு, விளக்கு மட்டும் எரியும்படி வைத்துக் கொடுத்தேன்.

அழுத்திவிட்டு, “இப்ப போயிருக்குமா?” என்று கேட்டார்.

“இல்ல மார்லிஸ்.”

இன்னும் பலமாக அழுத்தினார். “இப்ப?”

“இல்ல.”

மூன்றாம் முறை அழுத்திவிட்டுக் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். பிறகு பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் காலுறையோடு மிதித்தார். விளக்கு எரிந்தது. காலை எடுக்காமல் அப்படியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வென்டெல் காபி கொண்டுவந்து வைத்தார். அது ஆறிப்போயிற்று. புறப்படும்போது இம்மனுவைப் பற்றிக் கேட்டு, முடிவில் தனக்குச் சில வரிகள் இடம் விடச் சொன்னார். விட்டிருக்கிறேன்; என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியாது. எதை எழுதினாலும் அடிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

9. ஆகவே, ஐயா, ஜொலெட்டா ஏம்ஸ் அவர்களைப் பணியிலிருந்து நீக்காமல், கொஞ்ச நாள் ஓய்வும் மறுபயிற்சியும் தந்து திரும்ப எங்களிடம் அனுப்புமாறு பணிவுடன் வேண்டுகிறேன். ஜூன் சுற்றறிக்கையை உடனே ரத்து செய்து, நாங்கள் எங்கள் செருப்போடும் ஊசிகளோடும் பணிபுரிய அனுமதிக்க வேண்டும். காட்டுத்தீக் காலம் இன்னும் முடியவில்லை. இன்று காலைகூட மேற்கு மலையில் புகை இருந்தது. சீருடை அவசியம்தான் என்று குழு கருதினால், அது எப்படி இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்யுமுன் தாங்கள் ஒரு பணிநேரம் அந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு எங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இதை மரியாதைக் குறைவாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே வரச் சொல்கிறேன்.

வியாழனன்று நல்ல முடிவு வரும் என்ற எதிர்பார்ப்புடன்,

இடம்: லார்ச் பெண்ட்
நாள்: செப்டம்பர் 2

(ஒப்பம்) வெர்னா ஸ்கோக்லண்ட்
(ஒப்பம்) வென்டெல் பாரிஷ்

திருமதி மார்லிஸ் டோர்விக் தம் கைப்பட எழுதியது:

கார்டன், அந்தப் பொண்ண நான் மன்னிக்கல. மன்னிப்பேனான்னும் தெரியல. ஆனா அவள வேலைய விட்டு அனுப்பிட்டு, அந்த பூட்ஸ அடுத்தவ கால்ல மாட்டி உட்கார வச்சீங்கன்னா, அத நான் ஒத்துக்க மாட்டேன். மலைமேல இப்ப நான் தனியாத்தான் இருக்கேன். குதிரைங்கள விட்டுட்டு இறங்கி வர மாட்டேன். எனக்கு ஒண்ணுன்னா அந்த நாற்காலிக்குத்தான் போன் பண்ணுவேன்.

(ஒப்பம்) மார்லிஸ் டோர்விக்